விருப்பப் பாடம்தானே என்று விட்டுவிடாதீர்கள்: அறிவியல் மாணவர்களுக்குச் சில விளக்கங்கள்

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறைக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கட்டாயப் பாடங்கள் எவை என்பதைப் பல்கலைக்கழகமே சொல்லிவிடும். விருப்பப் பாடமாக எதை எடுப்பது என்று கேட்டால் வீட்டில் சொல்ல ஆளிருக்காது. "அது சுலபம், ஏ கிடைக்கும்" என்று சீனியர் சொன்னதை நம்பிப் பதிந்துவிடுகிறார்கள். அந்த ஒரு காரணம் போதுமா?

இரண்டு வகை

இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் முடிக்க வேண்டும். இதில் எல்லா மாணவர்களும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களும் துறையின் அடிப்படைப் பாடங்களும் கட்டாயம். மீதமுள்ள விருப்பப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, துறைசார்ந்தது. இன்னொன்று, வேறு துறையிலிருந்தும் எடுக்கக்கூடியது.

துறைசார்ந்த பாடம்தான் வேலைக்கு வழிகாட்டும். வேதியியல் மாணவர் எண்ணெய், கொழுப்பு பற்றிய பாடம் எடுத்தால், செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்தில் தொழிற்பயிற்சி கேட்கும்போது சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும். உயிரியல் மாணவருக்குப் புள்ளியியல் கைகொடுக்கும். இறுதியாண்டு ஆய்வில் சேகரித்த தரவுகளை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியிராது.

முன்நிபந்தனையைப் பாருங்கள்

சில பாடங்களை எடுக்க, அதற்கு முந்தைய பாடத்தில் தேறியிருக்க வேண்டும். பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படும். இரண்டாம் ஆண்டில் ஒன்றைத் தவறவிட்டால், மூன்றாம் ஆண்டில் விரும்பிய பாடம் கைநழுவும். அது பட்டத்திற்குத் தேவையான பாடமாக இருந்தால் ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க நேரும். பி.டி.பி.டி.என். கடன் குறிப்பிட்ட படிப்புக் காலத்திற்குத்தான். கூடுதல் செமஸ்டரின் கட்டணமும் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பெற்றோர் தலையில் விழும்.

'ஏ' கணக்கு

சுலபமான பாடத்தைத் தேடுவதற்கும் நியாயமான காரணம் உண்டு. முதல் வகுப்பில் தேறி, உரிய காலத்தில் படிப்பை முடிப்பவர்கள் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வாய்ப்புண்டு. இதன் நிபந்தனைகள் மாறக்கூடியவை. அதனால் அதன் அகப்பக்கத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'ஏ' என்பது 4.00, 'பி' என்பது 3.00. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் 'ஏ'-க்குப் பதில் 'பி' வந்தால், 120 கிரெடிட்டில் சி.ஜி.பி.ஏ. குறைவது 0.025 மட்டுமே. பயனுள்ள ஒரு கடினப் பாடத்திற்கு இது பெரிய விலையல்ல. நான்கு பாடங்களில் அப்படி நடந்தால் 0.10 குறையும். முதல் வகுப்பின் விளிம்பில் நிற்பவர் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆகவே கடினமான ஒன்றோ இரண்டோ, மற்றவை உங்களுக்கு ஈடுபாடுள்ளவை என்று கலந்து எடுப்பதே சரி.

நேரமும் முக்கியம்

ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் செலவிட வேண்டிய நேரம் 40 மணி எனக் கணக்கிடப்படுகிறது. மூன்று கிரெடிட் என்றால் 120 மணி. விரிவுரை, வீட்டுப்பாடம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் இதில் அடங்கும். அறிவியல் மாணவருக்கு ஏற்கெனவே ஆய்வுக்கூட வகுப்பும் அதன் அறிக்கைகளும் உண்டு. இரண்டு ஆய்வுக்கூடம் உள்ள செமஸ்டரில், குழுப்பணி அதிகமுள்ள விருப்பப் பாடத்தைச் சேர்த்தால் இரண்டிலும் சறுக்கல் வரும்.

தமிழ் படிக்கலாமா?

தாராளமாக. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கி வருகிறது. அறிவியல் மாணவர் அங்கே எந்தப் பாடத்தை எடுக்கலாம், அது பட்டத்தின் கிரெடிட்டில் சேருமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தாய்மொழியைத் தொடக்கநிலை மொழிப் பாடமாக எடுக்கச் சில இடங்களில் அனுமதி கிடைக்காது. தமிழில் அறிவியலை எளிமையாக எழுதவும் பேசவும் தெரிந்தவர்கள் நம் பள்ளிகளுக்கும் ஊடகங்களுக்கும் தேவைப்படுகிறார்கள்.

பதியும் முன் கேளுங்கள்

உங்களுக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பாடம் என் பட்டத்தின் கிரெடிட்டில் சேருமா? இதற்கு முன்நிபந்தனை உண்டா? அடுத்து எப்போது நடத்தப்படும்? கேட்கக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் எழுத்தில் இருப்பது பின்னாளில் உதவும்.

இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் மாற்றுப் பாடம் ஒன்றையும் குறித்து வையுங்கள். வகுப்பு தொடங்கியதும் பிடிக்கவில்லை என்றால், பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் காலக்கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாடத்தின் பெயர் உங்களுக்குப் புரியாமல் போகலாம். "இதை எதற்காக எடுக்கிறாய்? படிப்பு எப்போது முடியும்?" என்ற இரண்டு கேள்விகளைப் பிள்ளையிடம் கேட்க அது தடையில்லை.