சூரியனைச் சுற்றிச் சுற்றிப் பூமி களைத்துப்போகுமா?

திருச்சுழிப் பக்கம் நல்ல மழை பெய்து ஒரு கண்மாய் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பிள்ளைகள் கைகோத்துச் சுற்றுகிறார்கள். அலை வட்டம் வட்டமாகக் கரைவரை போகிறது. அந்த அலைக்கு வலு எங்கிருந்து வந்தது? பிள்ளைகளிடமிருந்துதானே!

விண்வெளியில் தண்ணீர் இல்லை. அங்கே நெளிவது வெளிதான்; இடமே துளி நீண்டு, துளி சுருங்குகிறது. ஒன்றையொன்று சுற்றும் எந்த இரண்டு பொருளும் இந்த ஈர்ப்பலையைக் கிளப்பும். அலையோடு ஆற்றலும் போய்விடும்.

இனிதான் விந்தை. வலு குறைந்தால் பிள்ளைகள் மெதுவாகச் சுற்றுவார்கள். ஒன்றையொன்று சுற்றும் விண்மீன்களோ வலு இழக்க இழக்க வேகமெடுக்கும்! எப்படி? ஆற்றல் குறைந்ததும் அவை ஒன்றை நோக்கி ஒன்று சரிகின்றன. நெருங்கினால் ஈர்ப்பு கூடுகிறது, சுற்றுப்பாதை சிறுக்கிறது, வேகம் ஏறுகிறது. அதனால் அலையும் பெரிதாகிறது, இழப்பும் கூடுகிறது.

சூரியனைச் சுற்றுவதில் பூமி இப்படி இழப்பது சுமார் 200 வாட்தான். பூமிக்கு அது ஒன்றுமே இல்லை, கவலைப்படாதீர்கள்.

ஆனால் 1974-ல் வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த நியூட்ரான் விண்மீன் இணையைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஏழே முக்கால் மணி நேரம். அந்த நேரம் ஆண்டுக்கு ஒரு விநாடியின் 10 லட்சத்தில் 76 பங்கு குறைகிறது. ஐன்ஸ்டைன் கோட்பாடு சொல்லும் கணக்கும் அதுவே! சுமார் 30 கோடி ஆண்டுகளில் இரண்டும் மோதி ஒன்றாகிவிடும்.

அலையை அனுப்பும் பொருளுக்கு அந்த ஆற்றல் இழப்பால் என்ன நேரும்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், எஸ்பொசிட்டோ என்பவருடன் சேர்ந்து இதற்கான சமன்பாடுகளை 1970-லேயே வெளியிட்டிருந்தார். வெள்ளைக் குள்ள விண்மீன்கள் பற்றிய ஆய்வுக்காக மட்டும் அவரை நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.