சித்தம்பூண்டிக் கல்லும் நிலாவின் தரையும்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் கல்லைக் கையிலெடுத்தால் வெளிர் சாம்பல் உடம்பில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரியும். அதன் பெயர் அனார்த்தோசைட். அதைப் பொடித்துத்தான் சந்திரயான் திட்டத்துக்காக இஸ்ரோ சோதனைத் தரை அமைத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை அடையாளம் காட்ட, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. ‘நாமக்கல்லில் நிலா மண்’ என்று ஊரெல்லாம் பேச்சு. நிலாவிலிருந்து ஒரு துகளும் இங்கே வந்து விழவில்லைதான். ஆனாலும் இந்தக் கல்லை நம்பியது சரியான முடிவு என்பேன்.

பிறந்த புதிதில் நிலாவின் மேற்பரப்பு உருகிய பாறைக் கடலாக இருந்தது. அது ஆறியபோது கனத்த கனிமங்கள் அடியில் இறங்க, கால்சியம் மிகுந்த இலேசான பிளேஜியோகிளேஸ் பாலாடைபோல் மேலே மிதந்து உறைந்தது. முழுநிலவில் நாம் காணும் வெளிர் பகுதி அதுவே. சித்தம்பூண்டிக் கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வேறு வழியில் உருவானது என்றாலும், அதிலும் மிகுந்திருப்பது அதே கனிமம். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த மொத்தமே 382 கிலோ. ரோவர் எனும் நிலா வண்டியை ஓட்டிப் பார்க்க டன் கணக்கில் வேண்டும். இன்னொன்றும் உண்டு. வேலூர்க் காவிரி மணல் நீரில் உருண்டு மழுங்கியது. காற்றும் நீரும் இல்லாத நிலாவில் தூள் முனை மழுங்குவதில்லை. கிரஷரில் அரைத்த கல்லும் அப்படித்தான். எம்-சாண்ட் அள்ளியவர்களுக்கு அது கையைக் கீறும் விதம் தெரியும்.

கனிமம் ஒத்தால் போதுமா என்பது நியாயமான கேள்வி. நுண்கற்கள் மோதி மோதி உண்டான கண்ணாடித் துணுக்குகள் நிலா மண்ணில் உண்டு. அவற்றைக் கிரஷர் தராது. 2022-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தார் கடுகு இனச் சிறுசெடி ஒன்றை அசல் அப்போலோ மண்ணிலும் எரிமலைச் சாம்பலில் செய்த மாதிரி மண்ணிலும் வளர்த்தார்கள். இரண்டிலும் முளைத்தது, அசலில் மட்டும் வேர் குறுகி, செடி திணறியது. ஆக, பயிர் வளர்ப்புக்கு மாதிரி மண்ணை நம்ப முடியாது. சக்கரம் புதைகிறதா என்று பார்க்க நம்பலாம். சினிமாவுக்காக மாடர்ன் தியேட்டர்ஸ் போட்ட அரண்மனை செட்டுக்குக் கேமரா பார்க்கும் பக்கம் சரியாக இருந்தால் போதும். இங்கே சக்கரம் தொடும் பக்கம். பூமிக்கும் நிலாவுக்குமான எடை வேறுபாட்டுக்கு ஹீலியம் பலூன் கட்டி ரோவரை இலேசாக்கினார்கள்.

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கி விழுந்ததே என்பார்கள். அது இறங்கும் வேகம் கட்டுக்குள் வராததால் நேர்ந்தது. மண்ணைக் குறை சொல்ல இடமில்லை. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. பிரக்யான் ரோவர் சுமார் 100 மீட்டர் உருண்டு 23 இடங்களில் மண்ணை அளந்தது. 2024-இல் வெளியான முடிவுப்படி, அந்த மண்ணிலும் மிகுந்திருந்தது அனார்த்தோசைட் வகைதான்.