கண்டக்டர் கூவும் பெயர்

லாகோஸ் தெருக்களில் மஞ்சள் வேன்கள் ஓடும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு. 'டான்ஃபோ' என்பார்கள். படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால் என்று தொங்கியபடி கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவார். "ஜகாண்டே! ஜகாண்டே!" என்று குரல் கேட்டால், அந்தப் பக்கம் போகிறவர்கள் முண்டியடித்து ஏறுவார்கள். அவர்களுக்கு அது இறங்க வேண்டிய ஸ்டாப்பிங். ஆனால் அது ஒரு கவர்னரின் பெயர்.

லத்தீப் கயோடே ஜகாண்டே லாகோஸ் மாநிலத்தை ஆண்டது 1979 அக்டோபர் 1 முதல் 1983 டிசம்பர் 31 வரை, நாலே கால் வருஷம்தான். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நைஜீரியாவில் கவர்னர் என்றால் ராஜ்பவனில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். நம் முதலமைச்சருக்கு இருக்கிற அதிகாரமும் தலைவலியும் அங்கே அவருக்கு.

1929 ஜூலை 23 அன்று லாகோஸ் தீவில் பிறந்தவர். இலேஷாவில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே கையில் பத்திரிகை வந்துவிட்டது. மாணவர் இதழ் ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார். 1949-இல் 'டெய்லி சர்வீஸ்', 1953-இல் 'நைஜீரியன் ட்ரிப்யூன்'. ட்ரிப்யூனை ஆரம்பித்தவர் ஒபாஃபெமி அவோலோவோ, யொருபா மக்களின் பெருந்தலைவர். சில வருஷத்தில் ஜகாண்டேதான் தலைமை ஆசிரியர். 'ஜான் வெஸ்ட்' என்ற புனைபெயரில் எழுதுவார். 1962-இல் அவோலோவோ மீது ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தபோது சீடரையும் சேர்த்தே பிடித்தார்கள். 1966 வரை சிறை. வெளியே வந்த அதே வருஷம் அந்த வழக்கைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார்.

மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாபா கெகெரே'. யொருபாவில் பாபா என்றால் அப்பா, கெகெரே என்றால் சின்ன. பெரிய அப்பா அவோலோவோ, சின்ன அப்பா இவர். நமக்கு 'சித்தப்பா' என்று ஒரே சொல்லே இருக்கிறது. அந்த உறவின் வாஞ்சையும் மரியாதையும் அதில் அப்படியே வந்துவிடும்.

அவர் கவர்னரான நேரத்தில் லாகோஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் எண்ணெய்ப் பணத்தைத் தேடி நாடு முழுவதும் அங்கே வந்து இறங்கியிருந்தது. நாட்டுக்கே தலைநகரமும் அன்று அதுதான். பள்ளிக்கூடங்களில் ஷிப்ட் முறை. காலைப் பிள்ளைகள் எழுந்து போன சூடு பெஞ்சில் ஆறும் முன்பே மத்தியானப் பிள்ளைகள் வந்து உட்கார வேண்டும். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு காலை முழுக்கத் தெருவில் கிடந்துவிட்டு, உச்சி வெயிலில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போகிற குழந்தைக்கு என்ன ஏறும்?

அவோலோவோவின் ஒற்றுமைக் கட்சி தேர்தலில் கொடுத்த முதல் வாக்குறுதி இலவசக் கல்வி. வகுப்பறை இல்லாமல் கல்வி மட்டும் இலவசமாகி என்ன பயன்? ஜகாண்டே கட்ட ஆரம்பித்தார். நீளவாக்கில் ஒரே வரிசை அறைகள், தாழ்ந்த தகடுக் கூரை, பூச்சு வேலைக்கெல்லாம் நேரமில்லை. கட்டடக்கலை தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் 'கோழிப்பண்ணை' என்று பெயர் வைத்தார்கள். அவர் கட்டிக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கில் அறைகள் எழும்பின. ஷிப்ட் முறை ஒழிந்தது. லாகோஸின் ஒரு தலைமுறை அந்தக் கோழிப்பண்ணைகளில்தான் முழு நாளும் உட்கார்ந்து படித்தது.

ஜகாண்டேயின் ஆட்சியைப் புரிந்துகொள்ள அவர் பார்த்த பழைய வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பத்திரிகை ஆபீசில் ராத்திரி அச்சுக்குப் போயாக வேண்டும். தலைப்பு இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம், படம் தெளிவாக வந்திருக்கலாம், அதெல்லாம் நாளைக்கு; இன்றைய இதழ் இன்றைக்கு வெளியே வர வேண்டும். அந்த அவசரத்தில் ஊறியவர் மாநிலத்தையும் அப்படியே நடத்தினார்.

வீடுகளும் அதே கதை. இசோலோ, இஜாயே, அபேசன், அமுவோ ஒடோஃபின், இபோன்ரி என்று ஊரைச் சுற்றி, குறைந்த வருமானக்காரர்களுக்கு அடுக்கடுக்காகக் குடியிருப்புகள். நம் ஊரில் 'ஹவுசிங் போர்டு' என்றால் கண் முன் வருமே, அதே முகச்சாயல்: ஒரே அச்சில் வார்த்த பிளாக்குகள், நடுவே துணி காயும் பால்கனிகள். அரசாங்கம் என்ன பெயர் வைத்திருந்தாலும் ஜனங்கள் 'ஜகாண்டே எஸ்டேட்' என்றே அழைத்தார்கள். கண்டக்டர் கூவும் பெயர் அங்கிருந்து வந்தது. லாகோஸ் மாநிலப் பல்கலைக்கழகம், மாநிலத்துக்கென்று தனி டெலிவிஷன், அலாவுசாவில் தலைமைச் செயலகம், எல்லாம் அந்த நாலு வருஷத்துக்குள் வந்தவை. அவரோ கவர்னர் மாளிகைக்குக் குடிபோகவில்லை. இலுபெஜுவில் இருந்த சொந்த வீட்டிலிருந்து, தன் பழைய டொயோட்டா காரிலேயே ஆபீஸ் போய் வந்தார்.

அவருடைய கனவுத் திட்டம் மெட்ரோலைன். லாகோஸ் வாசிகள் போக்குவரத்து நெரிசலை 'கோ-ஸ்லோ' என்பார்கள். பெயரில்தான் கொஞ்சம் நகர்வதாக இருக்கிறது, நடப்பில் வண்டி நின்றே கிடக்கும். 28.5 கிலோமீட்டருக்கு நகர ரயில் ஓடவிட்டால் அது தீரும் என்று பிரெஞ்சு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டார். 1983-இல் ஜனாதிபதி ஷாகாரியே வந்து வேலையைத் தொடங்கி வைத்தார். அதே வருஷம் ஜகாண்டே தேர்தலில் மறுபடி ஜெயித்தார். இரண்டாவது தவணை மூன்று மாதம்கூட முழுசாக ஓடவில்லை. டிசம்பர் 31 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைமை ஏற்றவர் ஜெனரல் முகமது புகாரி. ஜகாண்டேயைக் காவலில் வைத்தார்கள். 1985-இல் புகாரியின் அரசு மெட்ரோலைனை ரத்து செய்தது. ரயில் ஓடவில்லை, ஒப்பந்தத்தை முறித்ததற்கான நஷ்டம் மட்டும் 7.8 கோடி டாலர் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இங்கேயே முடிந்திருந்தால் இது புனிதர் கதை. 1993 ஜூன் 12 ஜனாதிபதி தேர்தலில் மொஷூத் அபியோலா ஜெயித்தார். ராணுவ அரசு அந்தத் தேர்தலையே செல்லாது என்றது. நவம்பரில் ஜெனரல் சானி அபாச்சா நாற்காலியைப் பிடித்தார். அவருடைய மந்திரிசபையில் பொதுப்பணி, வீட்டுவசதித் துறை மந்திரியாகப் போய் உட்கார்ந்தவர் ஜகாண்டே! 1994-இல் அபியோலாவைச் சிறையில் அடைத்த பிறகும் அவர் விலகவில்லை. 1995 வரை பதவியில் இருந்தார். அபியோலாவுக்கும் மற்ற தலைவர்களுக்கும் தெரிந்துதான் சேர்ந்தேன் என்பது பின்னாளில் அவர் சொன்ன விளக்கம். சொந்த ஜனங்களில் பலர் அதை ஏற்கவில்லை. வீடு கட்டக் கிடைத்த வாய்ப்பு என்று நினைத்திருப்பாரோ என்னவோ. எனக்கும் அவர் சொன்ன விளக்கம் தொண்டையில் இறங்கவில்லை. ராஜத்துரோகம் என்ற பெயரில் சிறைக்குப் போய் வந்தவருக்கு, அதே குற்றச்சாட்டில் உள்ளே கிடக்கும் இன்னொருவரின் கஷ்டம் தெரியாமலா இருந்திருக்கும்? அதற்குப் பிறகு அரசியலில் அவர் பழைய இடத்துக்கு வரவே இல்லை.

ரயில் கதைக்கு ஒரு வால் உண்டு. புகாரி முப்பது வருஷம் கழித்து, 2015-இல், சீருடை இல்லாமல், ஓட்டு வாங்கி ஜனாதிபதியானார். 2023 ஜனவரி 24 அன்று லாகோஸுக்கு வந்து, மெரினாவிலிருந்து மைல் 2 வரை 13 கிலோமீட்டர் ஓடும் நீலத் தடத்தைத் திறந்து வைத்தார். லாகோஸின் முதல் நகர ரயில். பாபா கெகெரே காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. 2021 பிப்ரவரி 11 அன்று, 91 வயதில் போனார்.