கூடிப் படிக்கும் வீடு

1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனப் போற்றப்படும் முதிய மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. சுற்றுலா செல்லும் மாணவர்கள் அதன் வயதைக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, காண்டா வாளி ஆகிய சொற்களைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அச்சொற்களை நாள்தோறும் பேசியவர்களோ அவர்களுடைய வீட்டிலேயே, தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள்.

சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் ஈப்போவைச் சுற்றியும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கோ வீடமைப்புத் திட்டங்களுக்கோ இடம் கொடுத்துவிட்டன. லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தன. “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று திடீரென்று கேட்டால், “என்னத்தைச் சொல்ல!” என்ற பதிலே பெரும்பாலும் வரும். கையில் ஒரு கதை இருந்தால் நிலைமை மாறும்.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ இதற்குப் பொருத்தமான நாவல். 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்ற இந்தத் தமிழக எழுத்தாளர், மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வை இதில் கதையாக்கினார். பேரப்பிள்ளை வாய்விட்டுப் படிக்க, பாட்டி கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அவருக்கு எழுத்தறிவு இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்தாளர் வெளியிலிருந்து வந்து கண்டதை உள்ளேயே வாழ்ந்து கண்டவர் அவர். “அப்படியெல்லாம் இல்லை, விடியும் முன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும்” என்று அவர் இடையில் குறுக்கிட்டால், புத்தகத்தைச் சற்று மூடி வைப்பதே நல்லது. அன்றைய வாசிப்பில் அதைவிடச் சிறந்த பகுதி வேறு இராது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இன்னும் கனமான நாவல். ஜப்பானியர் ஆட்சியில், 1942இலும் 1943இலும், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கக்கூடிய நூலன்று இது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பெற்றோருடன் படிக்கலாம். பழைய தோட்டக் குடும்பம் என்றால், சயாமுக்குப் போன உறவினர் எவரேனும் உண்டா என்ற கேள்வியும் அப்போது எழும்.

படக்கதை குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை மாற்றக்கூடிய நூல் பேராக்கிலேயே பிறந்தது. கோப்பெங் அருகே 1951இல் பிறந்த கார்ட்டூன் கலைஞர் லாட், தம் இளமைக்காலத்தைப் படங்களாக வரைந்து ‘கம்போங் பாய்’ என்னும் நூலை 1979இல் வெளியிட்டார். ஈயம் அலசித் திரியும் சிறுவனைத் தந்தை கண்டிக்கிறார். பின்பு குடும்பத்தின் சிறிய ரப்பர்த் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, நன்றாகப் படித்தால் அது உனக்குத்தான் என்கிறார். சிறுவனும் தேர்வில் வென்று ஈப்போவில் படிக்கத் தகுதி பெறுகிறான். வீட்டுக்கு ஓடிவந்தால், அங்கே தந்தை ஈயச் சுரங்க நிறுவனத்தாரிடம் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்! மண்ணை இழந்து பட்டணம் போகும் இந்தக் கதை மலாய்க் கம்பத்துக் கதை. ஆனால் தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்திற்கும் அது அந்நியமாகத் தோன்றாது. ஆங்கிலம் அறியாத தாத்தாவுக்குப் படமே கதையைச் சொல்லிவிடும். மிச்சத்தைப் பேரன் தமிழில் சொல்லலாம். 1981இல் வந்த ‘டவுன் பாய்’ ஈப்போவில் நடக்கிறது. அதில் தெரிந்த தெருவைத் தேடுவதே ஒரு விளையாட்டு.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் என்றதும் பலர் தயங்குகிறார்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடர்கதையாக வந்ததால், அத்தியாயத்தின் முடிவில் ஆவலைத் தூண்டி நிறுத்தும் முறை அதில் மிகுதி. இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் வந்தியத்தேவனே வீட்டாரை இழுத்துச் செல்வான். அருள்மொழிவர்மரின் மகன் இராசேந்திரனே பின்னாளில் கடாரத்தை வென்றவன்; அந்தக் கடாரம் இன்றைய கெடா.

சிறியவர்களுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஏற்றவை; தாளத்தோடு சொன்னால் விரைவில் மனத்தில் பதியும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படநூல்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிடுகிறது. வீட்டில் தமிழ்ப் புழக்கம் குறைந்த பெற்றோருக்கு இவை கைகொடுக்கும். தம்பியோ தங்கையோ ஒரே நூலை நேற்றும் இன்றும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் மரத்தின் மறைவில் நிற்கும் பூனையைக் குழந்தை காட்டும். அதுவரை அந்தப் பூனை பெரியவர் எவர் கண்ணிலும் பட்டிருக்காது.