வீட்டுக் கணினிகளும் பொதுக் கோப்புறையும்

பாகூர்ப் பக்கத்தில் கடைமடை உழவர் ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் உடனே மண்வெட்டியை எடுத்துச் சென்று ஏரிக்கரையை வெட்டிவிடுவாரா? மாட்டார். தம் வயல் மடையில் தொடங்கி, வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடப்பார். மடை அடைத்திருக்கிறதா, வாய்க்காலில் மண் சரிந்து கிடக்கிறதா, மதகு திறந்திருக்கிறதா, பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு வந்து சேர்ந்ததா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே செல்வார். நீர் எங்கே நின்றுவிட்டதோ அங்கேதான் அவருக்கு வேலை. மற்ற இடங்களில் அவர் கை வைப்பதில்லை.

மாணவ நண்பர்களே, ஒரு வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ள கோப்புறையை மற்றொன்றிலிருந்தும் திறக்குமாறு பொதுவாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அது திறக்க மறுக்கிறது. அப்போதும் நாம் செய்ய வேண்டியது இந்த நடைதான். ஆனால் நம்மில் பலர் முதலில் கரையை வெட்டிவிடுகிறோம்.

கணினிகளை இணைத்துச் செய்தியைப் பங்கிட்டுக்கொள்ளுதல் நம் கொம்யூன்களுக்குப் புதிதன்று. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு சிற்றூர் அறிவு மையங்களைத் தொடங்கியது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் ஒவ்வொரு கணினி வைக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பியை நம்பியிருக்க இயலாத காலம் அது. ஆதலின், குரலைக் கொண்டுசெல்லும் வானொலிக் கருவியைக்கொண்டே கணினியின் செய்தியையும் அனுப்பினார்கள். மின்சாரம் நின்றபோது சூரிய ஒளித் தகடுகள் கைகொடுத்தன. அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே அது ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவிக்கப்பட்டது. மையத்துக்கு இடமும் ஆளும் ஊர்தான் தர வேண்டும். சாதி, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி யாவரும் உள்ளே வரலாம் என்பதற்கும் ஊர் இசைய வேண்டும். இதுவே உடன்படிக்கை. இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். செய்தி செல்லுதற்கு வழி வேண்டும். அதனைப் பெறுவோர் யார் என்ற முடிவும் வேண்டும். கருவி ஒன்றைத்தான் தரும். மற்றொன்று மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டுக் கோப்புறைக்கும் இவ்விரண்டுமே அடிப்படை.

இனி வீட்டுக்கு வருவோம். பாகூர் கொம்யூனில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தாயார் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துவருபவர். கூடத்தில் மேசைக்கணினி, கல்லூரியில் படிக்கும் மகளிடம் மடிக்கணினி. தொடக்கத்தில் குழுவின் கணக்கைப் பென்டிரைவில் எடுத்து இதிலும் அதிலும் மாற்றி மாற்றி எழுதிவந்தார்கள். சில நாளில் கணக்கு இரண்டாகிவிட்டது. மடிக்கணினியில் பதிந்த ஒரு தவணை, மேசைக்கணினியின் பழைய படி மேலே விழுந்தபோது மறைந்துபோயிற்று. அடுத்த கூட்டத்தில், பணம் கட்டிய ஓர் அம்மையாரைக் கட்டவில்லை என்று சொல்லும்படி ஆயிற்று. அவர் தம் கைப்புத்தகத்தை விரித்துத் தாயாரின் கையெழுத்தையே காட்டினார். அன்று முதல் கணக்கு ஒன்றே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மேசைக்கணினியில் ஒரு கோப்புறையைப் பொதுவாக்கினார்கள். எங்கிருந்து திறந்தாலும் அதே ஏடு.

சில மாதம் நன்றாக நடந்தது. ஒரு மழை நாளின் இரவு மின்சாரம் நின்று வந்தது. மறுநாள் மாலை மடிக்கணினியில் கோப்புறை திறக்கவில்லை. அடுத்த நாள் காலை குழுக் கூட்டம். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன், “விடுங்கள் அக்கா, நான் பார்க்கிறேன்” என்று உட்கார்ந்தான். மேசைக்கணினியின் தீயரணை அணைத்தான். கோப்புறைக்கு ‘எல்லாருக்கும் முழு உரிமை’ என்று எழுதினான். அப்போதும் திறக்கவில்லை. நான் சென்றபோது அவன் முகம் வாடியிருந்தது. கரையை வெட்டியும் தண்ணீர் வரவில்லை!

திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். “ஏதோ பிழை” என்றான். இந்த ‘ஏதோ’தான் முதல் தவறு. கணினி இரண்டு விதமாக மறுக்கும். ‘வலைப்பின்னல் பாதை காணப்படவில்லை’ என்பது ஒன்று. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது மற்றொன்று. முதலாவது, நம் கேள்வி அந்தக் கணினியை எட்டவேயில்லை என்று பொருள்படும். இரண்டாவது, எட்டியது, ஆனால் வாயிலில் நிறுத்தப்பட்டது என்று பொருள்படும். எட்டாத கணினியில் உரிமைகளைத் திருத்துவதால் பயன் என்ன? அன்று திரையில் இருந்தது முதலாவது வகை.

ஆதலின் வழியைப் பார்த்தோம். இரண்டு கணினிகளும் ஒரே ரூட்டரோடு இணைந்திருக்கின்றனவா? சில ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்று உண்டு. அதில் சேர்ந்த கணினிக்கு இணையம் கிடைக்கும், ஆனால் வீட்டின் பிற கணினிகள் தென்படா. இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ரூட்டர் ஓர் ஐ.பி. எண்ணைத் தருகிறது, வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். இரு கணினிகளிலிருந்தும் ‘பிங்’ என்னும் கட்டளையால் ரூட்டரை அழைத்துப் பார்த்தோம்; மறுமொழி வந்தது. எனவே வாய்க்காலில் அடைப்பில்லை. (ஒரு கணினி மற்றொரு கணினியின் பிங்குக்கு விடை தராவிட்டால் உடனே வழி அறுந்தது என்று முடிவு கட்டலாகாது, தீயரண் அந்த அழைப்பை மட்டும் மறித்திருக்கலாம்.)

பிறகு மேசைக்கணினியின் எண்ணைப் பார்த்தோம். அதன் ஈற்றில் 4 இருந்தது. மடிக்கணினியில் அக்கா சேமித்து வைத்திருந்த குறுக்கு வழியிலோ 7! மின்சாரம் நின்று வந்தபின் ரூட்டர் எண்களைப் புதிதாகப் பங்கிட்டுவிட்டது. பழைய மனையின் கதவை அவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இப்போது யாரும் குடியில்லை.

எண்ணை விடுத்து, இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு மேசைக்கணினியின் பெயரைத் தட்டினோம். உடனே ஒரு சிறு கட்டம் தோன்றிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பையன் சோர்ந்துபோனான். நானோ மகிழ்ந்தேன். கேட்பதற்கு ஓர் ஆள் வாயிலில் இருக்கிறார் என்றால் வழி சரியாகிவிட்டது என்று பொருள் அன்றோ? முன்பு கேட்காதது இப்போது ஏன் கேட்டது எனின், பழைய எண்ணுக்கென்று சேமித்த கடவுச்சொல் புதிய பெயருக்குச் செல்லாது.

அக்கா நான்கு இலக்கங்களைத் தட்டினார். மறுத்தது. மீண்டும் தட்டினார். மீண்டும் மறுத்தது. அது விண்டோஸின் பின் எண். பலரை மயக்கும் இடம் இது. பின் எண் அந்தக் கணினியின் முன்னே அமர்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது. தொலைவிலிருந்து வருபவர் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே சொல்ல வேண்டும். அதுவும் மடிக்கணினியில் உள்ள கணக்கினது அன்று; கோப்புறையை வைத்திருக்கும் கணினியின் கணக்கினது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் வலைப்பின்னல் வழியாக இயல்பாக ஏற்பதில்லை. எளிமை கருதிக் கடவுச்சொல்லை நீக்கிவிட்டு, அதனாலேயே வெளியில் நிற்பவர்கள் பலர். தாயார் தம் நாட்குறிப்பின் உள்ளட்டையில் அதை எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டியதும் ஏடு திறந்தது.

பையன் எழுந்துகொள்ளப் பார்த்தான். வேலை முடியவில்லை, வெட்டிய கரையை அடைக்க வேண்டும். தீயரணை மீண்டும் இயக்கினோம். இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வலைப்பின்னல் ‘பொது’வா ‘தனி’யா என்று விண்டோஸ் கேட்கும். பகிர்வதற்குத்தானே என்று மாணவர் பலர் ‘பொது’ என்பதைத் தேர்கின்றனர். அது பேருந்து நிலையத்திலும் உணவு விடுதியிலும் அயலாரோடு இணைவதைக் குறிக்கும். அங்கே பகிர்வு இயல்பாக மூடியிருக்கும். வீட்டுக்கு உரியது ‘தனி’. அதைத் தேர்ந்தால், தீயரணை அணைக்காமலே பகிர்வுக்குரிய வாயிலை மட்டும் திறந்து வைக்கலாம்.

அடுத்து உரிமைகள். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மதகுகள் இருந்தால், எது குறைவாகத் திறந்திருக்கிறதோ அதன் அளவுக்கே நீர் பாயும். பகிர்வுக்கு ஓர் உரிமை. வட்டில் உள்ள கோப்புறைக்கு வேறோர் உரிமை. இரண்டில் கடுமையானதே செல்லும். ஒன்றில் ‘மாற்றலாம்’ என்றும் மற்றொன்றில் ‘படிக்கலாம்’ என்றும் இருந்தால், கோப்பு திறக்கும், ஆனால் சேமிக்க வராது. ‘எல்லாருக்கும் முழு உரிமை’ என்பதை நீக்கி, தாயாருக்கும் மகளுக்கும் மாற்றும் உரிமை தந்தோம். பையனுக்குப் படிக்கும் உரிமை மட்டும். அவன் சிறிது முணுமுணுத்தான். வில்லியனூர் மையங்களின் செய்தி ஊரார் யாவருக்கும் உரியது. ஆதலின் யாவருக்கும் திறந்தார்கள். பிறர் கடனும் தவணையும் எழுதிய ஏடு அத்தகையதன்று.

பழைய கணினி வைத்திருப்போருக்கு ஒரு சொல். கோப்புகளைப் பகிரக் கணினிகள் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. லினக்ஸ் கணினிகள் அதே மொழியைப் பேசுவதற்கு, ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்னும் மென்பொருள் உதவுகிறது. இம்மொழியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகவே 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதலாக, புதிதாக நிறுவும் கணினிகளில் அம்முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ள பழைய கணினிக்கோ வேறு பதிப்பு தெரியாது. ஆகவே அதுவும் புதுக் கணினியும் ஒன்றையொன்று காணா. முதற்பதிப்பை மீண்டும் இயக்கினால் காணும் என்று நண்பர் யாரேனும் சொல்லக்கூடும். சொன்னது உண்மைதான், செய்யாதீர்கள். பழைய கணினியில் உள்ளவற்றை ஒருமுறை பென்டிரைவில் எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

அன்று எஞ்சியது ஒன்றே. மேசைக்கணினிக்கு எப்போதும் அதே எண்ணைத் தருமாறு ரூட்டரில் குறித்து வைத்தோம். பிறகு சோதனைக்காக ரூட்டரை ஒருமுறை அணைத்து இயக்கச் சொன்னேன். மடிக்கணினியில் ஏடு திறந்தது. அக்கா மறுநாள் கூட்டத்துக்குரிய வரிகளைப் பதிந்து சேமித்தார். தாயார் கூடத்தில் மேசைக்கணினியின் முன் நின்று, கைப்புத்தகங்களோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.