தடிப்பு தெரியுமுன்பே தொற்று பரவிவிடும்

நாள் முழுவதும் பலரோடு பழகும் நாம், இருமல் வழியே பரவும் அம்மை நோய்களைப் பற்றி அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மண்டியில் வேலை பார்த்த பையனுக்குக் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல். கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. மிளகாய் மூட்டை பிரித்த நெடி என்று நாம் அலட்சியமாக இருந்துவிட்டோம். நான்காம் நாள் காதோரத்தில் தடிப்பு கண்ட பிறகே தட்டம்மை என்று தெரிந்தது. அதற்குள் கணக்கப்பிள்ளையின் மகள் தன் எட்டு மாதக் குழந்தையுடன் மண்டிக்கு வந்து போயிருந்தார். பன்னிரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு நிமோனியாவாகி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தது.

தட்டம்மைத் தடிப்பு முகத்திலும் காதுக்குப் பின்னும் தொடங்கி, கழுத்து, மார்பு, கை, கால் என்று கீழே இறங்கும். மாநிறத்தவருக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது; தடவிப் பார்த்தால் மணல் போல் சொரசொரக்கும். மணல்வாரி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே நோய் பிறருக்குப் பரவும்; தெரிந்த பின்னும் 4 நாள் பரவும். நோயாளி போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை அறைக்காற்றில் இருக்கும்.

சின்னம்மை வேறு. அதில் அரிப்புடன் நீர்க்கொப்புளங்கள் வரும். எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை தொற்றும். ருபெல்லாவில் தடிப்பு லேசாக இருந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தால் சிசுவின் கண், காது, இருதயத்தைப் பாதிக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. காய்ச்சலும் இருமலும் கண் சிவப்பும் சேர்ந்து வந்த ஊழியரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளம் போகும் என்றால் அவர் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.

2. அம்மை கண்ட குழந்தைக்கு என்று கேட்டால் கடையிலுள்ள மாத்திரையைக் கிழித்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கலந்தது ஆபத்து.

3. வேப்பிலை வைப்பது நம் வழக்கம், வைக்கட்டும். டாக்டரிடமும் காட்டச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி இருந்தால் தாமதம் கூடாது.

4. 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. ஊழியர் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

9 மாதம் நிறையாத குழந்தைக்குச் சுற்றியுள்ள நாம்தான் பாதுகாப்பு. இதை மறவாதிருப்போம்.