நிழல் யாருக்கு?

விருதுநகருக்குத் தெற்கே, சாத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் சூலக்கரை இருக்கிறது. அங்கிருந்து காலையில் விருதுநகர்ப் பள்ளி ஒன்றுக்குப் புறப்படும் மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் எங்கே நின்று பேருந்து ஏறுவாள்?

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. வடக்கே போகும் பேருந்துக்கு இடப்புறம் என்பது மேற்கு. ஆகவே அவள் சாலையின் மேற்கு ஓரத்தில், கிழக்கு நோக்கி நிற்கிறாள். காலை வெயில் முகத்தில் அடிக்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது, தெற்கே போகும் பேருந்துக்காகச் சாலையின் கிழக்கு ஓரத்தில், மேற்கு நோக்கி நிற்கிறாள். இப்போது மாலை வெயில் முகத்தில்!

கூரை இருந்தால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியன் உதித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடிவானத்துக்கு மேல் 30 டிகிரி உயரத்துக்கு வருகிறது. மாணவியின் முகம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரையின் முன்விளிம்பு 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், விளிம்பிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உள்ளே தள்ளி நின்றால் முகத்தில் நிழல் விழும். கூரையை 3.5 மீட்டர் உயரத்தில் கம்பீரமாகக் கட்டிவிட்டால்? சுமார் 3.5 மீட்டர் உள்ளே போக வேண்டும். அவ்வளவு ஆழமான நிழற்குடை எங்கே இருக்கிறது? உயரமான கூரை பார்வைக்கு அழகு; காத்திருப்பவருக்கோ நிழல் இல்லை.

இந்தச் சிறு கணக்கு ஒரு பெரிய கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. போக்குவரத்து நிலையத்தைச் சுற்றி ஊரை எப்படி அமைப்பது? அங்கே நிழலும் இருக்கையும் குடிநீரும் யாருக்குக் கிடைக்க வேண்டும்?

நடந்து போகும் தொலைவு

ரயில் அல்லது பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவுக்குள் வீடு, கடை, பள்ளி, அலுவலகம் எல்லாவற்றையும் நெருக்கமாக அமைப்பதைப் போக்குவரத்து சார்ந்த நகரமைப்பு என்கிறார்கள். இதற்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2017-இல் வெளியிட்டது. நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிட நடைத் தொலைவு, இந்த அமைப்புக்கு உரியது.

800 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தால் அதன் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். ஆனால் நாம் காக்கையைப் போல நேராகப் பறந்து போவதில்லை. தெருக்கள் கட்டம் கட்டமாக இருந்தால், கிழக்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம் என்று வளைந்துதான் நடக்கிறோம். அப்படி 800 மீட்டர் நடந்து எட்டக்கூடிய இடங்களைக் குறித்தால், வட்டம் கிடைக்காது, சாய்சதுரம் கிடைக்கும். அதன் பரப்பு 1.28 சதுர கிலோமீட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! நடுவே நீண்ட மதில் ஒன்று குறுக்கிட்டால் இன்னும் குறையும். நிலையம் கண்ணுக்குத் தெரியும்; கால் எட்டாது. ஆகவே மதிலில் திறக்கும் ஒரு சிறு நடைவழியும் பூங்காவைப் போலவே ஒரு வசதிதான்.

திண்ணை சொல்லும் பாடம்

வசதி இடங்களில் பொது உண்டு, தனியார் உண்டு. பூங்கா, நடைபாதை, நிழற்குடை ஆகியவை பொது. அடுக்குமாடி வளாகத்தின் உள்ளே இருக்கும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகையும் உண்டு. நம் முன்னோர் அதை நன்கு அறிந்திருந்தார்கள்.

திண்ணையை எண்ணிப் பாருங்கள். இடம் வீட்டுக்காரருடையது. ஆனால் வழிப்போக்கர் அதில் அமரலாம், மழைக்கு ஒதுங்கலாம். கதவுக்கு உள்ளே தனிமை, வெளியே உபசாரம். சாலை ஓரத்துச் சுமைதாங்கியும் அப்படித்தான். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து, மீண்டும் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அது அமைந்திருக்கும். பயன்படுத்துபவரின் உடலை அளந்து கட்டிய வசதி அது! இன்றைய வடிவமைப்பாளர்களும் இதையே செய்ய முயல்கிறார்கள். நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் தரைத்தளத்தில் கடைகளும் தாழ்வாரமும் வைத்து, வீடுகளையும் அவற்றின் முற்றத்தையும் மேலே அல்லது உள்ளே அமைக்கிறார்கள்.

தியாகராய நகரின் கதை

சென்னையில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1920-களில் மயிலாப்பூரின் நெடிய ஏரி வற்றவைக்கப்பட்டு, மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. சாலைகள் வந்து கூடும் இடத்தில் பனகல் பூங்காவை அமைத்தார்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நிலையம், கடைத்தெரு, பூங்கா, வீடுகள் எல்லாம் நடைத் தொலைவில்.

ஆனால் கடைகள் பெருகப் பெருக நடப்பவருக்கு இடம் சுருங்கியது. எனவே 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023-இல் மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. நடப்பவருக்கான இடத்தை முதலிலேயே காப்பாற்றாவிட்டால், பிறகு அதை வானத்தில் தேட வேண்டியிருக்கிறது!

அதே சென்னையில் மறுபக்கமும் உண்டு. பறக்கும் ரயில் 1995-இல் ஓடத் தொடங்கியது. அதன் நிலையங்கள் மிகப் பெரியவை. ஆனால் உள்ளே கடைகளோ அலுவலகங்களோ போதிய அளவு வராததால், பெரும் கூடங்கள் பல ஆண்டுகள் ஆளரவமின்றிக் கிடந்தன. இடம் பெரிதாக இருந்தால் மட்டும் அது வசதி ஆகிவிடாது. பூக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் இருக்கும் சிறிய இடத்தில் இரவிலும் துணிந்து நிற்கலாம். ஆளில்லாத பெரிய கூடத்தில் நிற்க அஞ்சுகிறோம்.

ஒரு பாய் விரிக்க இடம்

பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 12,000 சதுர மீட்டர் நிலத்தில் சாலைகளுக்கு 2,000 போனால் மீதி 10,000. திறந்தவெளி 1,000 சதுர மீட்டர். அங்கே 100 குடும்பங்கள், 400 பேர் வாழ்ந்தால் ஆளுக்கு 2.5 சதுர மீட்டர். ஒரு பாய் விரித்துப் படுக்கலாம். நிலையத்துக்கு அருகில் என்பதால் மாடிகளை உயர்த்தி 300 குடும்பங்களைக் குடியேற்றினால்? ஆளுக்கு 0.83 சதுர மீட்டர்தான். பாயைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்!

இதற்கு வழி இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விடியற்காலையில் முதியவர்கள் நடப்பார்கள். மாலையில் குழந்தைகள் ஆடுவார்கள். இரவில் வேலை முடிந்தவர்கள் காற்று வாங்குவார்கள். ஒரே இடத்தை மூன்று வேளைக்கும் ஏற்றபடி அமைத்தால் அது மூன்று மடங்காகிறது. ஆனால் அந்த இடத்தைச் சுற்றி மதில் எழுப்பிப் பூட்டிவிட்டால், விதி காகிதத்தில் மட்டுமே நிறைவேறும்.

நம் பகுதியின் தனிக் கேள்வி

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வேலையிடத்தை நிலையத்தின் பக்கத்தில் கொண்டுவருவது நகரமைப்பின் பொது விதி. பட்டாசுத் தொழிலில் அது முடியாது. ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குப் பரவாதபடி அறைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும். ஊரிலிருந்தும் தொழிற்சாலை விலகியிருக்க வேண்டும். அந்தத் தூரம் உயிர்காக்கும் தூரம். அதைக் குறைக்கக் கூடாது.

ஆகவே தொழிலாளர்கள் நாள்தோறும் பயணம் செய்தே தீர வேண்டும். அவர்களில் பெண்கள் மிகப் பலர். விடியலில் சோற்றுத் தூக்குடன் அவர்கள் வண்டிக்குக் காத்து நிற்கும் சாலைச் சந்திப்பே நம் பகுதியின் 'நிலையம்'. நிழல், குடிநீர், தூய்மையான கழிப்பறை, விளக்கு, மாலையில் இறங்கியதும் காய்கறி வாங்க ஒரு கடை, பிள்ளைகளை விட்டுச் செல்ல ஒரு காப்பகம் ஆகியவற்றை அங்கேதான் வைக்க வேண்டும். தகரக் கூரை வெயிலில் சூடேறி, கதிர்வீசல் மூலம் வெப்பத்தைத் தலைமேல் இறக்கும். வேம்பின் இலைகளோ நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக்கொள்ளும். எனவே கூரையோடு மரமும் தேவை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊர் நிறுத்தத்துக்கு ஒரு நாட்டம் காட்டி, ஓர் அளவு நாடா, ஒரு குறிப்பேடு ஆகியவற்றுடன் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலை 8, நண்பகல் 12, மாலை 5 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று வரைந்து குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த நிறுத்தம் நன்கு அமைந்தது. நிழல் ஓரிடம், மக்கள் ஓரிடம் என்று இருந்தால், உங்கள் படத்தைக் கிராமசபைக் கூட்டத்தில் காட்டுங்கள். அடுத்த நிழற்குடையைக் கட்டுபவருக்கு உங்கள் அளவுகள் பயன்படட்டும்!